எதற்கும் இருக்கட்டும்

நம் வீடுகளில் ஒரு பொருள் உள்ளே வர 'தேவை' என்ற காரணம் வேண்டியதில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்ற ஒரு வார்த்தை போதும். பரணில் ஏறிய இரண்டாவது மெத்தை, பூஜை அறை மூலையில் மூன்றாவது டார்ச் லைட், பீரோவுக்குள் பழைய தாலுகா ஆபீஸ் ரசீதுகள் எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவைதான். அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. இடத்தை அடைக்கும், ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது எரிச்சலைக் கிளப்பும், அவ்வளவுதான். ஆனால் அதே மனசோடு கணினியில் உட்கார்ந்து, ஓர் ஆன்டிவைரஸ் இருக்கும்போதே 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொன்றையும் ஏற்றினால் விவகாரம் வேறு மாதிரிப் போகிறது.

வேலையில் இருந்த காலத்தில் அலுவலகக் கணினி அறை என் பொறுப்பில் இருந்தது. அந்த உரிமையில், ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யார் வீட்டு சிஸ்டம் மக்கர் செய்தாலும் ஆள் அனுப்பி விடுவார்கள். "ரொம்ப ஸ்லோவா இருக்கு சார், ஃபார்மட் போட்டுடலாமா?" என்றுதான் பேச்சே தொடங்கும். போய்ப் பார்த்தால், திரையின் வலது கீழ் மூலையில் இரண்டு கேடயங்கள் அடுத்தடுத்து நிற்கும். லேப்டாப் வாங்கும்போதே கூட வந்த சோதனைக்காலப் பதிப்பு ஒன்று. கடைக்காரர் பெட்டியில் இருந்த கீயைச் சுரண்டி ஏற்றிக் கொடுத்தது இன்னொன்று. சில வீடுகளில் வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் சந்தாவில் அப்பாவையும் சேர்த்து ஏற்றிவிட்டது மூன்றாவதாகவும் இருக்கும். ஏன் இத்தனை என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்கும்.

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வராது. இந்தப் பழக்கம் வந்த வழி எனக்குத் தெரியும்.

1986இல் லாகூரில் இருந்த அல்வி சகோதரர்கள், தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுக்கிறார்கள் என்ற கோபத்தில் 'பிரெயின்' என்ற வைரஸை எழுதினார்கள். பிசி உலகில் ஊர் ஊராகப் பரவிய முதல் வைரஸ் அதுதான். தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் குறும்பில் அவ்வளவு வெகுளித்தனம் இருந்தது. தைவானில் பிறந்த சிஐஹெச் வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று விழித்துக்கொண்டபோது அந்த வெகுளித்தனம் போய்விட்டிருந்தது. ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்து, சில கணினிகளில் பயாஸையும் கெடுத்து, மதர்போர்டையே செயலற்றதாக்கியது. மறு ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து காதல் கடிதம் போல மின்னஞ்சலில் வந்த 'ஐ லவ் யூ' உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியது. சென்னையில் 1991இல் தொடங்கிய கே7, புனேயில் வளர்ந்த குயிக் ஹீல் போன்ற நம் ஊர் நிறுவனங்கள் வேரூன்றியதும் இந்தப் பயத்தின் காலத்தில்தான்.

அந்த நாட்களில் நாங்கள் ஃபிளாப்பியில் இரண்டு மூன்று ஸ்கேனர்களை வைத்திருப்போம். ஒன்றைப் போட்டு ஓட்டுவோம், அது முடிந்ததும் அடுத்ததைப் போடுவோம். ஒன்றுக்குத் தெரியாத வைரஸை மற்றது காட்டிக்கொடுக்கும். அது நியாயமான பழக்கம். காரணம், அன்றைய ஸ்கேனர்களில் பெரும்பாலானவை கூப்பிட்டால் வந்து, வேலையை முடித்துக்கொண்டு, போய்விடும். ஒன்று இருக்கும்போது மற்றது அங்கே இருக்காது. பிறகு மென்பொருளின் சுபாவம் மாறிவிட்டது. கணினி எழுந்த நொடியிலிருந்து அணைக்கும் வரை உள்ளேயே உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பையும் மறித்துப் பார்க்கும் காவலாக ஆன்டிவைரஸ் ஆனது. காவலின் குணம் மாறிய செய்தி நம் பழக்கத்துக்கு மட்டும் எட்டவில்லை. வாழ்க்கையில் பல சங்கடங்கள் இப்படித்தான் வருகின்றன. ஒரு காலத்தில் சரியாக இருந்ததை, அது ஏன் சரியாக இருந்தது என்று கேட்காமலே தொடர்கிறோம்.

எங்கள் தெருமுனையில் ஒரு டிடிபி கடை இருக்கிறது. பட்டா சிட்டா நகல், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ் என்று எல்லா வேலையும் நடக்கும். காலையிலிருந்து இரவு வரை ஊரில் உள்ள பென் டிரைவெல்லாம் அந்த ஒரு கணினியில்தான் செருகப்படும். ஆகவே அந்தப் பையனின் பயம் நியாயமானது. ஒருநாள் கூப்பிட்டான்.

"ஐயா, பிடிஎஃப் ஓப்பன் ஆகறதுக்குள்ள கஸ்டமர் டீ குடிச்சிட்டு வந்துடறாங்க. மெஷினை மாத்தணுமோ?"

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அவன் எந்த வேலையும் செய்யவில்லை. ஆனாலும் டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் என்று சிவந்து நின்றது. மேலே முதல் இரண்டு வரிகளில் இரண்டு ஆன்டிவைரஸ்களின் பெயர்கள். ஒரு பென் டிரைவைச் செருகச் சொன்னேன். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பெட்டிகள் எழுந்து, 'இதைச் சோதிக்கட்டுமா?' என்று ஒரே கேள்வியைக் கேட்டன. நான்கு ஜிபி ரேமும் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கும் உள்ள இயந்திரம் மூச்சு வாங்கியது.

"ரெண்டாவதைப் போடும்போது அது ஒண்ணும் சொல்லலையாப்பா?"

"சொல்லுச்சுங்க ஐயா. ஏற்கெனவே வேற ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வான்னு வந்துச்சு. நான்தான் பரவாயில்லைன்னு அழுத்திட்டேன்."

அவனுக்குக் காட்டுவதற்காக ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பின் பெயரால் வழங்கும் ஒரு சோதனைக் கோப்பு உண்டு. 68 எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு வரி. அதில் விஷம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வரியைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோல நடந்துகொள்வது என்று ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். காவல் விழித்திருக்கிறதா என்று பார்க்க அது போதும். நோட்பேடில் அந்த வரியைப் போட்டுச் சேமித்தேன். ஒரு கேடயம் 'ஆபத்து நீக்கப்பட்டது' என்றது. அடுத்த நொடி மற்றது 'ஆபத்து உள்ளது; நீக்க முடியவில்லை' என்று சிவப்பில் கத்தியது. முதலாவது தூக்கிக்கொண்டு போன கோப்பை இரண்டாவது தேடிக்கொண்டிருந்தது. 'மீண்டும் முயல்க' என்று அழுத்தினால் மறுபடி அதே கூச்சல். இல்லாத வைரஸுக்காக இரண்டு காவலும் மல்லுக்கட்டியதில் மவுஸின் அம்புக்குறி நகரக்கூட யோசித்தது. பையன் வாயைத் திறக்கவில்லை. அவன் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். விண்டோஸில் ஒரு கோப்பைத் திறக்க நீங்கள் இருமுறை தட்டும்போது, அந்த வேண்டுகோள் நேராக ஹார்டு டிஸ்க்குக்குப் போவதில்லை. நடுவில் ஃபில்டர் டிரைவர்கள் என்ற வடிகட்டிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. எது மேலே, எது கீழே என்று குழப்பம் வராமலிருக்க மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வரிசைப்படுத்துகிறது. ஆன்டிவைரஸ்களுக்கு 3,20,000இல் தொடங்கும் எண்கள். இயங்குதளத்தின் அடிமடியில், எல்லா உரிமையோடும் உட்கார்ந்து, 'நில், பார்த்துவிட்டு அனுப்புகிறேன்' என்று சொல்லும் அதிகாரம் அந்த இடத்துக்கு உண்டு.

அந்த இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால், ஒரே கோப்பு இரண்டு முறை நிறுத்தப்படும். அதோடு முடிந்தால் தாமதம் மட்டும்தான். ஆனால் முதல் காவல் சோதிப்பதற்காக ஒரு ஜிப் கோப்பைப் பிரித்துத் தற்காலிகமாக எங்கேனும் எழுதினால், 'யாரோ புதுக் கோப்பு எழுதுகிறார்கள்' என்று இரண்டாவது அதையும் மறிக்கும். ஒன்று மற்றதன் முடிவுக்குக் காத்திருக்க, மற்றது இதன் முடிவுக்குக் காத்திருக்க, சில சமயம் இரண்டும் நின்றுபோய் நீலத் திரையில் முடியும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. எப்போதும் மற்ற நிரல்களை வேவு பார்ப்பது, எல்லாக் கோப்புகளையும் தொடுவது, தன்னை யாரும் நிறுத்த முடியாதபடி வேரோடி உட்காருவது ஆகியவை வைரஸின் லட்சணங்கள். ஆன்டிவைரஸின் லட்சணங்களும் அவைதான். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இரண்டு பேருமே மருண்டு போகவே பழக்கப்பட்டவர்கள்.

இதை மைக்ரோசாஃப்ட் தன் வீட்டிலேயே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற முழு ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. நீங்கள் வேறொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸை முறைப்படி ஏற்றினால், வீட்டுக்கணினியில் டிஃபெண்டர் தானாகவே காவலிலிருந்து விலகிக்கொள்ளும். தயாரித்தவரே தன் பொருளை ஒதுக்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை வருகிறது. மருமகள் வந்ததும் சமையலறைச் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் பக்குவம் நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

இப்போது எதிர்க்கேள்விக்கு வருகிறேன். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்காதா? பிடிக்கும். அதில் பொய் இல்லை. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஜெர்மனியின் மாக்டெபர்க்கில் ஏவி-டெஸ்ட் என்று ஆன்டிவைரஸ்களைச் சோதித்து மதிப்பெண் போடும் அமைப்புகள் இருக்கின்றன. எந்த நிறுவனமும் எல்லாச் சோதனையிலும் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்குவதில்லை. ஆகவே இரண்டாவது கருத்து வேண்டும் என்ற ஆசை சரியான ஆசை. அதை நிறைவேற்றுகிற வழியில்தான் பிசகு.

இரண்டாவது கருத்துக்குத் தனி வழிகள் இருக்கின்றன. 2004இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012இல் கூகுள் வாங்கிக்கொண்ட வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் சந்தேகமான ஒரு கோப்பைப் போட்டால், எழுபது வாக்கில் ஆன்டிவைரஸ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்துக் கருத்துச் சொல்லும். அங்கே எழுபது பேர் சண்டையில்லாமல் இருக்கக் காரணம், உங்கள் கணினியில் எதையும் மறிக்கவோ அழிக்கவோ அவர்களில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. ஒரு எச்சரிக்கை: அங்கே போடும் கோப்பைப் பாதுகாப்புத் துறையினர் பலரும் எடுத்துப் பார்க்க முடியும். ஆதார் நகலையும் சொத்துப் பத்திரத்தையும் கொண்டுபோய்ப் போட்டுவிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர் இன்னொரு வழி. இறக்கி, ஓட்டி, முடிவைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். பத்து நாளில் அது காலாவதியாகிவிடும். தேவைப்பட்டால் புதிதாக இறக்க வேண்டும். டிஃபெண்டரிலேயே 2016 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. காவல் பொறுப்பு வேறொன்றிடம் இருக்க, டிஃபெண்டர் அவ்வப்போது மட்டும் வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும்படி அமைத்துக்கொள்ளலாம்.

காவல் ஒன்று, சரிபார்ப்பு வேறு என்று நான் ஓயாமல் சொல்வது இதைத்தான். காவல் காப்பவருக்கு அந்த நொடியிலேயே தடுக்கும் அதிகாரம் வேண்டும். அது ஒருவரிடம் இருந்தால்தான் வேலைக்கு ஆகும். சரிபார்ப்பவருக்குக் கண் போதும். அவர் எத்தனை பேர் இருந்தாலும் தகும்.

அந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதை இரண்டு நாட்கள் உலகத்துக்குக் காட்டின. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று எண்ணிப் பிடித்தது. அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிசகான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாளிலும் வைரஸ் எதுவும் வரவில்லை. காவலே தடுக்கி விழுந்து வீட்டையும் சாய்த்தது. ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அடிமடியில் உட்காரும் ஒவ்வொருவரும் ஒரு பாதுகாப்பு. அதே நேரத்தில் ஓர் ஆபத்தும்கூட. இரண்டு பேரை உட்கார வைத்தால் பாதுகாப்பு இரண்டு மடங்கு ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தடுக்கி விழும் வாய்ப்பு நிச்சயம் கூடும்.

என் வயதுக்காரர்களுக்கு இது மருந்துப் பெட்டியில் நன்றாகப் புரியும். சொந்தத்தில் ஒரு பெரியவர். மூட்டு வலிக்கு ஒரு டாக்டர், சளிக்கும் காய்ச்சலுக்கும் இன்னொரு டாக்டர். இருவரும் கைராசிக்காரர்கள்தான். ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அட்டையில் பெயர் வேறு, நிறம் வேறு. இரண்டிலும் உள்ளே இருந்தது பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு நான்கு கிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறிலேயே அந்த விளிம்புக்கு வந்துவிடுவோம். ஈரலுக்குத்தான் ஆபத்து. மருந்துக்கடைக்காரர் இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்த்ததால் பெரியவர் தப்பித்தார். அதற்குப் பிறகு ஒரே டாக்டரிடம் முழுப் பட்டியலும் இருக்கும்படி செய்தோம். சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் போய்க் கருத்துக் கேட்பார். கேட்டதைக் கொண்டுவந்து முதல் டாக்டரிடம்தான் சொல்வார். மருந்து எழுதும் பேனா ஒருவர் கையில்.

அதே பெரியவர் பிறகொரு நாள் மருத்துவமனையில் படுத்தபோது இதே பாடத்தைப் பிள்ளைகளும் படிக்க வேண்டியிருந்தது. மூத்தவன் ஐசியு வாசலில் நின்று ஒன்று சொல்கிறான். மகள் பெங்களூரிலிருந்து போனில் வேறொன்று சொல்கிறாள். இருவருக்கும் அப்பா மேல் உயிர். டியூட்டி டாக்டர் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டையும் தள்ளிப்போட்டார். அன்பு அதிகமானதால் வந்த தாமதம் அது. கடைசியில் நான் தலையிட்டு, "கையெழுத்துப் போடுகிறவன் பேசட்டும், மற்றவர்கள் கேள்வி மட்டும் கேளுங்கள். எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றேன். மகளின் கேள்விகள்தான் உண்மையில் கூர்மையாக இருந்தன. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாததால் அவளால் நிதானமாக யோசிக்க முடிந்தது.

குடும்பத்தில் பொறுப்பைப் பங்கு போடும்போது நாம் சறுக்குவது இந்த இடத்தில்தான். இரண்டு பேரிடமும் ஒரே பொறுப்பைக் கொடுத்தால் வேலை இரண்டு மடங்கு நடக்கும் என்று நினைக்கிறோம். நடப்பது என்னவோ, ஒருநாள் இருவரும் மோதிக்கொள்வார்கள். மறுநாள் 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று இருவருமே விட்டுவிடுவார்கள். காலாவதியான ஆன்டிவைரஸ் ஒன்று மூலையில் கேடயத்தோடு நிற்க, அது காக்கிறது என்று நம்பி உயிருள்ள ஒன்றை அப்டேட் செய்யாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எதையுமே ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாதா? அப்படி இல்லை. கணினி உலகிலேயே பெருக்கி வைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: நகல். முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகத்தில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்று விவரம் தெரிந்தவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பேரனின் புகைப்படங்கள் கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மகள் வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடாது. ஏனென்றால் நகல் எதையும் செய்வதில்லை, சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதைப் பெருக்கலாம். செய்கிறதைப் பெருக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். இவ்வளவு காலம் கணினிகளோடும் மனிதர்களோடும் மல்லுக்கட்டி நான் தெரிந்துகொண்டதில் இதைவிடப் பயன்பட்ட ஒன்று இல்லை.

வெளி ஹார்டு டிஸ்க்கை எப்போதும் கணினியிலேயே செருகி வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் நகலையும் பூட்டிவிடும். 2017 மே 12 அன்று வானாக்ரை பரவியபோது பிரிட்டனின் பொது மருத்துவமனைகள்கூடத் தடுமாறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தும் பலர் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு ஆன்டிவைரஸ் தேடி அலைகிறவர்கள், 'அப்டேட் செய்து மறுதொடக்கம் செய்' என்ற அறிவிப்பை மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் இன்றும் பார்க்கிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்கு மேலும் அதிலேயே இருப்பவர்கள் நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்திருக்கிறோமா என்று பார்ப்பது, இன்னொரு கேடயம் ஏற்றுவதைவிட எத்தனையோ மேல்.

பயத்துக்கு ஒரு குணம் உண்டு. எதையாவது வாங்கினால் கொஞ்ச நேரம் அடங்கும். அதை வியாபாரிகள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கள்ளர்கள் அதைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 2008 வாக்கில் 'ஆன்டிவைரஸ் எக்ஸ்பி 2008', 'ஆன்டிவைரஸ் 2009' என்ற பெயர்களில் போலிகள் உலவின. சும்மா ஒரு ஸ்கேன் ஓடுவதுபோலக் காட்டி, நூற்றுக்கணக்கில் வைரஸ் இருக்கிறது என்று மிரட்டி, பணம் கட்டினால் நீக்குகிறேன் என்னும். அதை ஏற்றிக்கொண்டவர்களில் பலர் ஏற்கெனவே ஓர் ஆன்டிவைரஸ் வைத்திருந்தவர்கள். இருப்பதன் மேல் நம்பிக்கை இல்லாததால் வந்ததற்கு இடம் கொடுத்தவர்கள்.

இன்று அந்தத் திரைமிரட்டல் போனுக்கு மாறியிருக்கிறது. "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, சரிசெய்ய இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று ஒரு குரல் நயமாகப் பேசும். தூரத்திலிருந்து திரையை இயக்கும் எனிடெஸ்க் போன்ற செயலிகளை வைத்து நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்தது. நீங்களே கதவைத் திறந்துவிட்டு ஓடிபியையும் சொன்னால், அந்த நேரத்தில் கணினியில் எத்தனை ஆன்டிவைரஸ் இருந்தாலும் அவை கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றின் கணக்கில் அது வைரஸ் இல்லை, வீட்டுக்காரரின் உத்தரவு. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

டிடிபி கடைப் பையனுக்கு வருகிறேன். இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று அவன் தவித்தான். இரண்டுமே நல்ல பெயர் வாங்கியவைதான். "சந்தா எதுக்கு இன்னும் இருக்கோ அதை வை. ரெண்டும் முடிஞ்சிருந்தா ரெண்டையும் எடு, டிஃபெண்டரே போதும்" என்றேன். நல்லதுக்கும் நல்லதுக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போது மனசு படும் பாடு, நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போது படாது. ஒன்றை எடுத்தாகிவிட்டது. கன்ட்ரோல் பேனலில் நீக்கினால் மட்டும் போதாது. அதன் டிரைவர்கள் சில சமயம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கென்று அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஓட்டி, மறுதொடக்கம் செய்தோம். பிடிஎஃப் சட்டென்று திறந்தது. புது மெஷின் வாங்க வைத்திருந்த காசில் ஒரு எஸ்எஸ்டி போடச் சொன்னேன். வாடிக்கையாளரின் பென் டிரைவிலிருந்து பிடிஎஃப், படம் தவிர வேறு எதையும் திறப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். திருட்டு மென்பொருளுக்குக் கிராக் போடுவதை நிறுத்தச் சொன்னேன். இந்தக் கடைசியைக் கேட்டதும் முகம் கொஞ்சம் கோணியது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்று என்று கேட்கும் எந்த நிரலும் அணைக்கச் சொல்வது எதற்காக என்று யோசித்துப் பார் என்றேன்.

உங்களுக்கும் அதுவே. இன்று கணினியைத் திறந்ததும் விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பக்கத்துக்குப் போய், காவல் பொறுப்பு இப்போது யாரிடம் என்று பாருங்கள். ஒரு பெயர் இருந்தால் போதும். அந்தப் பெயர் உயிரோடு இருக்கிறதா, அப்டேட் ஆகிறதா என்று பாருங்கள். இன்னொன்று குந்தியிருந்தால் விடை கொடுங்கள். இனி வீட்டிலோ கணினியிலோ எதையாவது கூடுதலாகச் சேர்க்க ஆசை வரும்போது, 'இது செய்யுமா, பார்க்குமா, சும்மா இருக்குமா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். சும்மா இருப்பதானால் எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள். பார்ப்பதானால் அவ்வப்போது கூப்பிடுங்கள். செய்வதானால் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் செய்யவிட்டு, மற்றதிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வது பயந்தவனுக்குக் கடினம். சொல்லிவிட்டால் பயத்தில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.